இளநீர் எப்போது உதவும், எப்போது ஆபத்து: சிறுநீர்க் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிரித்துப் பார்க்கும் வழி

பாளையங்கோட்டையில் ஒரு பரிசோதனை நிலையத்தில் இருபது வருஷத்துக்கு மேல் ரத்தமும் சிறுநீரும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தால், அம்பாசமுத்திரம் பஸ்ஸிலும் திசையன்விளை பஸ்ஸிலும் வந்து இறங்கியவர்கள் கையில் பாட்டிலோடு நிற்பார்கள். வாங்கும்போது "என்ன செய்யுது?" என்று கேட்பேன். "சூடுக்கா. இளநி குடிச்சுப் பார்த்தேன், கேக்கல" என்பதுதான் பெரும்பாலும் பதில்.

இளநீர், பதநீர், வாழைத்தண்டுச் சாறு, இல்லாவிட்டால் செம்பு செம்பாகத் தண்ணீர். ஒண்ணுக்குப் போவதில் என்ன கோளாறு என்றாலும் நம் ஊரில் முதலில் கை போவது இந்த நான்கில் ஒன்றுக்குத்தான். பலருக்கு அது நல்ல கைவைத்தியம். ஆனால் வேறு சிலருக்கு அதே இளநீர் இதயத்தை நிறுத்திவிடக்கூடியது. யாருக்கு எது என்று அறிகுறியை வைத்து ஓரளவு பிரித்துவிடலாம். நோயின் பெயரை டாக்டர் சொல்லட்டும். எங்கே, எவ்வளவு சீக்கிரம் போகவேண்டும், போகும்வரை எதைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூன்று கேள்வி

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைக் கேட்டுவிட்டுத்தான் கீழே போகவேண்டும்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் இருக்கிறதா?

நேற்று இதே நேரத்திலிருந்து இப்போது வரை எவ்வளவு சிறுநீர் போயிருக்கிறது? பெரியவர்களுக்கு ஒரு நாளில் 400 மில்லிக்குக் கீழ், அதாவது சுமார் இரண்டு டம்ளருக்குக் கீழ் போனால் அது ஆபத்தான குறைவு.

கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா? காலையில் எழும்போது கண்ணிமை உப்பியிருக்கிறதா?

மூன்றில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளும் கழிவு, சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடும்) கூடுதல் என்று முன்பே சொல்லப்பட்டவர்களும் இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தி.

எரிச்சல், கடுப்பு, போனபிறகும் இன்னும் வரும்போல இருப்பது

நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு என்று சொல்வதில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்திருக்கின்றன. ஒன்று, வெயிலில் வேர்த்து, தண்ணீர் குடிக்காமல், சிறுநீர் கெட்டிப்பட்டு எரிவது. இன்னொன்று கிருமித் தொற்று. பிரிப்பது கஷ்டமில்லை. நான்கைந்து மணி நேரத்துக்குள் ஒன்றரை லிட்டர் போலத் தண்ணீரோ மோரோ இளநீரோ குடியுங்கள். நிறம் வெளுத்து, எரிச்சலும் அடங்கிவிட்டால் அது வெறும் சூடு. நிறம் வெளுத்தபிறகும் எரிச்சல் நின்றால், கலங்கலாக நாற்றத்தோடு போனால், அடிவயிறு வலித்தால், ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தால், அது தொற்றாகத்தான் இருக்கும். ஒரு நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

பெண்களுக்கு இது அதிகம் வருவதற்கு உடலமைப்பே காரணம். பெண்ணின் சிறுநீர்த் தாரை சுமார் 4 சென்டிமீட்டர்தான், ஆணுக்கு 20 வரை இருக்கும். குடலில் சாதாரணமாக இருக்கும் ஈ-கோலை என்ற கிருமி அந்தக் குறுகிய தூரத்தைச் சுலபமாகக் கடந்துவிடும். இதில் வெட்கப்படவோ சந்தேகப்படவோ ஒன்றுமில்லை. கல்யாணமான புதிதில் வரும் தொற்றுக்காக ஒரு பெண்ணை வீட்டில் குத்திப் பேசுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவள் மீது எந்தத் தவறும் கிடையாது. உறவுக்குப் பிறகு உடனே ஒண்ணுக்குப் போய்விட்டு வருவது சிலருக்கு உதவலாம்.

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் அக்காமார் நிறையப் பேர் வருகிறார்கள். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இத்தனை கட்டு முடிக்காமல் எழுந்திருப்பதில்லை. எழுந்திருக்கக் கூடாது என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அப்படித்தான், கழிப்பறை சரியில்லை என்று சாயங்காலம் வரை அடக்கிவைக்கிறார்கள். குடிக்காமலும் இருந்து அடக்கவும் செய்தால், உள்ளே வந்த கிருமி வெளியே அடித்துக்கொண்டு போக வழியே இல்லாமல் போய்விடுகிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து போய்விட்டு வந்தால் பீடிக்கட்டு ஒன்றும் குறைந்துவிடாது. அதை மாமியார்மாரும் சேர்ந்து சொன்னால்தான் நடக்கும்.

மெடிக்கலில் மூன்று மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு, எரிச்சல் நின்றதும் விட்டுவிடுவதுதான் பெரிய தொல்லை. பத்து நாளில் திரும்ப வரும். இப்போதெல்லாம் சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் பழைய மாத்திரைகள் வேலை செய்யாத கிருமிகளை அடிக்கடி பார்க்கிறோம். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே கல்ச்சருக்குக் கொடுத்துவிட்டால் எந்த மருந்து கேட்கும் என்று இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். மாத்திரை போட்டபிறகு கொடுத்தால் கிருமி வளராது. ரிப்போர்ட் சுத்தமாக வரும், நோய் மட்டும் அப்படியே இருக்கும்.

கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, ஆண், குழந்தை ஆகிய நால்வருக்கும் சாதாரணக் கடுப்பு என்று ஒன்று இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், முதல் நாளே டாக்டரிடம் போகவேண்டும். சர்க்கரைக்குக் கொடுக்கும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பு வந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அந்த மாத்திரை சிறுநீரில் சர்க்கரையைத் தள்ளுவதால் வருவது. மாத்திரையை நீங்களே நிறுத்தாமல் எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

கடுப்போடு விலாப்பக்கம் வலியும் நடுக்கமும் சேர்ந்துவிட்டால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று பொருள். அப்போது இளநீர்க் கடை வழியில் இருந்தாலும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

விலாவில் கிளம்பித் தொடை இடுக்கு வரை இறங்கும் வலி

கல்லடைப்பு. வந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உட்கார்ந்தாலும் படுத்தாலும் சுகமில்லாமல் உருளச் செய்யும், வாந்தியும் வரும். இடுப்புப் பிடிப்பு அசையாமல் படுத்தால் குறையும். கல் வலி எப்படிப் படுத்தாலும் குறையாது. அதுதான் வித்தியாசம்.

ராதாபுரம், திசையன்விளை, உவரி என்று தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்து கல்லோடு வருகிறவர்கள் "எங்க ஊர்த் தண்ணி உப்பு, அதான்" என்பார்கள். தண்ணீரின் உப்பைவிடக் குடிக்கும் அளவுதான் கணக்கு. செம்மண் வெக்கையில் பனை ஏறுகிறவருக்கும் செங்கல் சூளையில் நிற்கிறவருக்கும் குடித்ததெல்லாம் வேர்வையாகப் போய்விடுகிறது. மிஞ்சுகிற கொஞ்சம் சிறுநீரில் கால்சியமும் ஆக்ஸலேட்டும் கரைந்து நிற்க இடமில்லாமல் படிகமாகின்றன. ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் குடித்தோம் என்று எண்ணுவதைவிட, இரண்டு இரண்டரை லிட்டர் வெளியே போகிறதா என்று பாருங்கள். வெயிலில் வேலை செய்கிறவர் அதற்கு நான்கு லிட்டர்கூடக் குடிக்க வேண்டியிருக்கும்.

5 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள கல் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். அதற்கு மேலே போகப்போக வாய்ப்பு குறையும். 10 தாண்டினால் காத்திருப்பதில் பலனில்லை. வாழைத்தண்டும் சிறுபீளையும் கல்லை உடைத்ததாக நான் ஸ்கேனில் பார்த்ததில்லை. ஆனால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறவர் வாழைத்தண்டு சாப்பிடுவதில் கெடுதல் இல்லை. எலுமிச்சைச் சாறு உண்மையிலேயே உதவும், அதிலுள்ள சிட்ரேட் கல் சேர்வதைத் தடுக்கிறது. உப்பு மட்டும் போடாதீர்கள். பீர் குடித்தால் கல் விழும் என்று இளவட்டங்கள் சொல்வதை நம்பவேண்டாம். குடித்த சற்று நேரம் சிறுநீர் கூடும், அப்புறம் உடம்பு வறண்டுபோகும்.

பாலையும் தயிரையும் நிறுத்துவது பரவலான தவறு. சாப்பாட்டோடு போகும் கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்துக்கொள்ளும். நிறுத்தினால் ஆக்ஸலேட் அதிகமாக உள்ளே போய்க் கல் கூடத்தான் செய்யும். குறைக்க வேண்டியது உப்பு. கருவாடு, ஊறுகாய், அப்புறம் கல்லிடைக்குறிச்சி அப்பளம். சொல்ல மனசு வரவில்லைதான், ஆனாலும் தினமும் வேண்டாம்.

வலி நின்றுவிட்டது என்றால் கல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. குழாயில் அசையாமல் உட்கார்ந்துகொண்டு, வலியே இல்லாமல் அந்தப் பக்கச் சிறுநீரகத்தை வீங்க வைத்துக் கெடுத்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் நிம்மதியடைய வேண்டும். கல்லோடு காய்ச்சலும் சேர்ந்தால் அடைப்புக்குப் பின்னால் சீழ் தேங்குகிறது. அது சில மணி நேரத்தில் உயிரை எடுக்கும் சங்கதி, இரவு என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கல் எடுக்கும்போது உள்ளே டி.ஜே. ஸ்டென்ட் என்று மெல்லிய குழாய் வைத்து அனுப்புவார்கள். அதைச் சில வாரத்தில், அதிகம் போனால் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள், எடுத்தாக வேண்டும். ஒருமுறை வள்ளியூர்ப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் கடுப்பு என்று பாட்டில் கொடுத்தார். சிறுநீர் முழுக்கச் சீழ். விசாரித்தால், நான்கு வருஷத்துக்கு முன் வைத்த குழாய் உள்ளேயே இருக்கிறது. வலி இல்லாததால் மறந்துவிட்டார், எழுதிக்கொடுத்த சீட்டும் தொலைந்துவிட்டது. குழாயைச் சுற்றிக் கல் பூத்து, எடுக்க மூன்று ஆபரேஷன் ஆயிற்று. ஸ்டென்ட் வைத்த நாளை வீட்டுக் காலண்டரில் எழுதிவையுங்கள், இன்னொருவர் போனிலும் குறித்துவையுங்கள்.

நிறம் மாறிப் போவது

பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிவப்பு, காசநோய் மாத்திரை சாப்பிட்டால் ஆரஞ்சு. இவை இரண்டும் பயமில்லை.

வலியே இல்லாமல் ரத்தமாகப் போய், மறுநாள் தானாகத் தெளிந்துவிடுவதுதான் பயப்பட வேண்டியது. நாற்பது வயது தாண்டியவர், அதுவும் பீடி சிகரெட் பிடிப்பவர் என்றால் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். தெளிந்துவிட்டது என்று விட்டுவிடுகிறவர்கள் ஆறு மாதம் கழித்து மறுபடி வருவார்கள். அந்த ஆறு மாதம் மிகப் பெரிய இழப்பு. ஒரே ஒருமுறை வந்திருந்தாலும் ஸ்கேன் எடுங்கள்.

பிள்ளைக்குச் சிரங்கோ தொண்டை வலியோ வந்து இரண்டு மூன்று வாரத்தில் சிறுநீர் டீ டிகாஷன் போலப் போய் முகமும் உப்பினால் அது சிறுநீரக அழற்சி. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முழுதாகக் குணமாகும், ஆனால் ரத்த அழுத்தத்தைப் பார்க்காமல் விட்டால் வலிப்பு வரும். பழக்கமில்லாத கடும் வேலையை வெயிலில் செய்த மறுநாள் அதே டிகாஷன் நிறம் வந்தால், தசை சிதைந்து அதன் நிறமி சிறுநீரகத்தை அடைக்கிறது. உடனே ஆஸ்பத்திரி.

நுரை, வீக்கம், அசதி: வலிக்காத கோளாறு

வலிக்கிற சிறுநீரகத்தைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுகிறோம். வலிக்காததுதான் போய்விடுகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பத்துப் பதினைந்து வருஷம் ஒரு சத்தமும் இல்லாமல் அரிக்கும். முதல் அடையாளம் சிறுநீரில் இறங்கும் புரதம்தான். நம் பக்கம் "உப்பு போகுது" என்பார்கள், ஆனால் போவது ஆல்புமின் என்ற புரதம். கழிப்பறையில் தண்ணீர் ஊற்றியபிறகும் சோப்பு நுரை மாதிரி நிற்கும் என்றால் பரிசோதியுங்கள். நுரை தெரியும் முன்பே பிடிக்கவேண்டும் என்றால், சர்க்கரை நோயாளிகள் வருஷத்துக்கு ஒருமுறை ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் பார்க்கவேண்டும். 30-க்குக் கீழ் இருந்தால் நல்லது.

கிரியாட்டினின் எண்ணைப் பார்த்து ஏமாறுவதைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். ரிப்போர்ட்டில் 1.4 என்று வந்தால் "கொஞ்சம்தான் கூட" என்று ஆச்சியைச் சமாதானப்படுத்திக் கூட்டிப் போவார்கள். 25 வயதுப் பையனுக்கு 1.4 என்றால் வடிகட்டும் திறன், அதாவது ஈ.ஜி.எஃப்.ஆர், 71 போல வரும். அதே 1.4 ஒரு 65 வயது ஆச்சிக்கு என்றால் 42 தான். அறுபதுக்குக் கீழே மூன்று மாதம் நின்றாலே நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர். அதனால் கிரியாட்டினினை மட்டும் கேட்காதீர்கள், ஈ.ஜி.எஃப்.ஆர் எவ்வளவு என்று கேளுங்கள்.

இளநீரை நான் தடுக்கும் இடம் இதுதான். சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பொட்டாசியத்தை வெளியே தள்ள முடியாது. இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் பொட்டாசியம் நிறைந்தவை. அது ரத்தத்தில் ஏறினால் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் இதயத் துடிப்பு தடுமாறி நின்றுவிடலாம். "சிறுநீரகத்துக்கு நல்லது" என்று அன்போடு மகன் வாங்கிக் கொடுத்த இளநீருக்குப் பிறகு பொட்டாசியம் ஆபத்தான அளவான 7-ஐத் தொட்ட ரத்தத்தை என் கையாலேயே பரிசோதித்திருக்கிறேன். வீக்கம் உள்ளவர் நிறையத் தண்ணீர் குடித்தால் அது நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும். சோடியம் குறைந்த உப்பு என்று பாக்கெட்டில் விற்பதிலும் பொட்டாசியம்தான் இருக்கிறது. குற்றாலம் சீசனுக்குப் போனால் கூறுகட்டி விற்கும் பழங்களில் நட்சத்திரப்பழம் இருந்தால் தொடவே வேண்டாம். சிறுநீரக நோயாளிக்கு அது மூளையைப் பாதித்து விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும்.

இன்னொன்று செட் மாத்திரை. முட்டுவலி, உடம்புவலி என்று போய் நின்றால் நான்கைந்து மாத்திரையைச் சேர்த்துக் காகிதத்தில் மடித்துத் தருகிறார்களே, அது. அதில் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை ஒன்று இருக்கும். ஒருநாள் இரண்டுநாள் போட்டால் ஆரோக்கியமானவர் தாங்குவார். நடவுக்கும் அறுப்புக்கும் தினம் இரண்டு செட் போட்டு வேலை செய்தவர்களுக்கு வலியும் போகவில்லை, சிறுநீரகமும் மிஞ்சவில்லை. சர்க்கரையும் அழுத்தமும் உள்ளவருக்கு இது விஷம் என்றே சொல்வேன். பெயர் தெரியாத பஸ்பம், சூரணமும் வேண்டாம். சித்த மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்களுக்குப் பாளையங்கோட்டையிலேயே 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்தவர்களிடம் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் காட்டி மருந்து வாங்குங்கள்.

இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுக்குள் பிள்ளைக்குக் காலையில் முகம் வீங்கினால் சிறுநீரில் புரதம் அளவுக்கு மீறிப் போகும் நெஃப்ராடிக் நோய்க்குறியாக இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரையில் அடங்கும். பாதியில் நிறுத்தக் கூடாது.

டயாலிசிஸ் என்று சொல்லிவிட்டால் வீட்டில் எல்லாரும் உடைந்துபோகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ் உண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் சர்க்கரை, அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். அதை ஒழுங்காகப் போட்டாலே பலருக்கு டயாலிசிஸ் பல வருஷம் தள்ளிப்போகும்.

வரவே மாட்டேன் என்கிறது

அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். தொப்புளுக்குக் கீழே உருண்டையாகத் திரண்டு, முட்டிக்கொண்டு வலிக்கிறது என்றால் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறது, வழி அடைந்திருக்கிறது. வயதான ஆண்களுக்குப் பிராஸ்டேட் வீக்கம். அதற்கு முன்பே இரவில் மூன்று நான்கு முறை எழுவது, தாரை மெலிவது, முடிந்தபிறகு சொட்டுவது எல்லாம் இருந்திருக்கும். சளிக்கு வாங்கிப் போட்ட மாத்திரையால் ஒரே ராத்திரியில் அடைத்துக்கொள்வதும் உண்டு. டியூப் போட்டால் ஐந்து நிமிடத்தில் உயிர் வந்த மாதிரி இருக்கும். இந்த நேரத்தில் "தண்ணி குடிங்க, வந்துரும்" என்று ஊற்றிவிடுவது கொடுமை.

பை காலியாக இருந்து, சிறுநீரே உற்பத்தியாகவில்லை என்றால் வேறு கதை. வயிற்றுப்போக்கில் உடம்பு வறண்டிருந்தால் உப்பு–சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். தாமிரபரணிப் பாசன வயல்களில் கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறைவது கெட்டு, அப்புறம் சிறுநீரகம் நிற்கும். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். காலை அசைக்காமல் படுக்கவைத்து விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நேராகப் போங்கள். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். கடி சிறியதாகத் தெரிந்தாலும் அந்தச் சோதனை இல்லாமல் வீட்டுக்குத் திரும்ப வேண்டாம்.

2023 டிசம்பர் மாதிரி வெள்ளம் வந்து வடிந்தபிறகு, தண்ணீரில் நடந்தவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, கூடவே சிறுநீர் குறைவு என்றால் எலிக்காய்ச்சல் என்று சந்தேகப்படுங்கள். சீக்கிரம் வந்தால் மாத்திரையில் போய்விடும். தாமதமானால் மஞ்சள் காமாலையும் டயாலிசிஸும்.

இருமினால், சிரித்தால் கசிவது

பிரசவத்துக்குப் பின் இடுப்புத் தளத் தசை தளர்வதால் வருவது. சேலைக்குள் துணி மடித்து வைத்துக்கொண்டு பத்து வருஷம் யாரிடமும் சொல்லாமல் இருந்த அக்காமார் உண்டு. சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசையை இறுக்கி விடும் பயிற்சியை, ஒருநாளைக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்து முறை, மூன்று மாதம் விடாமல் செய்தால் பலருக்கு நன்றாகக் குறையும். குறையாவிட்டாலும் சிகிச்சை இருக்கிறது. மகளிர் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பாட்டில் கொண்டு வரும்போது

இருமல் மருந்து பாட்டிலைக் கழுவிக் கொண்டு வராதீர்கள், ஒட்டியிருக்கும் பாகு சர்க்கரையாகக் காட்டும். ஊறுகாய் பாட்டிலும் வேண்டாம். முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கவேண்டும். திசையன்விளையில் பிடித்து இரண்டு மணி நேரம் பஸ் வெக்கையில் கொண்டு வந்தால், வழியிலேயே கிருமி பெருகி இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டும். கல்ச்சருக்கு என்றால் வெறுங்கையோடு வாருங்கள், இங்கேயே சுத்தமான டப்பா தருவோம். மாதவிடாய் நாளாக இருந்தால் கவுண்டரில் மெதுவாகச் சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் தள்ளி வரச் சொல்வோம், அவ்வளவுதான்.